முதுகுவலிக்குப் போனேன்... வாடகைக் கணக்கில் மாட்டினேன்!

எனக்கு முதுகு என்று ஒன்று இருக்கிற விஷயமே அறுபது வயது வரை தெரியாது. ரிட்டயரான எட்டாவது மாதம், கட்டிலுக்கடியில் உருண்டு போன மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்கக் குனிந்தேன். குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன்.

"என்னங்க... தேடறீங்களா, கும்பிடறீங்களா?" என்றாள் மனைவி.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்புல ஒண்ணுமில்லை. முப்பத்து நாலு வருஷம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததுக்கு இப்ப ஃபைன் கட்டறீங்க. யோகா பண்ணுங்க" என்று சொல்லி, ஆலோசனைக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

நங்கநல்லூரில் எங்கள் ஃப்ளாட்ஸ் மொட்டை மாடியிலேயே தினம் காலை ஐந்தே முக்காலுக்கு யோகா வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் எழுபத்திரண்டு வயசு அம்மாள். ஹைஸ்கூலில் சயன்ஸ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாம் பாயைச் சுருட்டுவது போல உடம்பைச் சுருட்டுவார். எல்லோருக்கும் அவர் 'டீச்சரம்மா'. அவருக்கு எல்லோரும் 'ஸார்', இல்லாவிட்டால் 'மேடம்'. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான். அவனும் ஸார்தான்!

சவாசனம் எனக்கு முதல் நாளே பிரமாதமாக வந்தது. பக்கத்துப் பாய்க்காரருக்குத்தான் என் குறட்டை கொஞ்சம் இடைஞ்சல். மற்ற ஆசனங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. மூன்று வாரம் கழித்து என் கை என் முழங்காலுக்கு அறிமுகமானது. ஆர்வத்தில் கேட்டேன்.

"டீச்சரம்மா, நான் எப்ப கால் கட்டை விரலைத் தொடுவேன்?"

"மாடிக்கு எப்படி வந்தீங்க, ஸார்?"

"படியேறித்தான்."

"முதல் ரெண்டு படியைத் தாண்டி, எடுத்த எடுப்புல மூணாவது படியில காலை வெச்சா?"

"இந்த முதுகோடயா!"

"யோகத்துல நீங்க அதைத்தான் பண்ணிட்டிருக்கீங்க" என்றார்.

விஷயம் இதுதான். பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு எட்டு அங்கம் சொல்கிறார். நாம் பாயை விரித்துப் படாத பாடுபடுகிற ஆசனம் அதில் மூன்றாவது. முதலாவது யமம், இரண்டாவது நியமம். யமத்தில் ஐந்து: அகிம்சை, சத்தியம், அஸ்தேயம் என்கிற திருடாமை, பிரம்மசரியம், அபரிக்கிரகம் என்கிற தேவைக்கு மேல் சேர்க்காமை. நியமத்தில் ஐந்து: தூய்மை, போதுமென்ற மனசு, தவம், நல்ல நூல்களைப் படித்தல், ஈசுவரனிடம் ஒப்படைத்தல். அவருடைய சூத்திரங்கள் மொத்தம் இருநூறுக்கும் குறைவு. ஆசனத்துக்கென்று அவர் நேரடியாக ஒதுக்கியது மூன்றே மூன்று சூத்திரம். அதிலும் தலைகீழாக நிற்கச் சொல்லி ஒரு வார்த்தை கிடையாது. ஆடாமல் சுகமாக உட்கார் என்கிறார், அவ்வளவுதான்.

நம் திருமூலரும் சும்மா விடவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டு அங்கத்தைச் சொல்லி, கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமையோடு பகுத்து உண்பது, நடுநிலை தவறாமை, கள் குடிக்காமை எல்லாவற்றையும் யமத்திலேயே சேர்த்துவிட்டார். கறாரான மனிதர்! பி.கே.எஸ். ஐயங்கார் 1966-ல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகத்தை ஆசனப் படங்களுக்காகத்தான் உலகமே புரட்டுகிறது. அவரும் யமம், நியமம் இரண்டையும் சொன்ன பிறகுதான் முதல் ஆசனத்துக்கே வருகிறார்.

2015-லிருந்து வருஷா வருஷம் ஜூன் 21-ம் தேதி யோகா தினம் கொண்டாடுகிறோம். மைதானம் நிறையப் பாய், மேலே டிரோன் கேமரா. யமத்தை யாரும் படம் எடுத்துப் போட்டதாகத் தெரியவில்லை. பாவம், எப்படி எடுப்பார்கள்? ஒருத்தர் பொய் சொல்லாமல் இருப்பதை எந்தப் பக்கத்திலிருந்து படம் பிடிப்பது?

"வாரத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துக்குங்க. வீட்டுல பண்ணிப் பாருங்க. திங்கட்கிழமை வந்து சொல்லுங்க" என்றார் டீச்சரம்மா. ஹோம்வொர்க்! நாற்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம்!

முதல் வாரம் அகிம்சை. வீட்டுக்கு வந்ததுமே கொசு பேட்டை எடுத்துப் பரணில் போட்டேன். மறுநாள் காலை முகமெல்லாம் தடிப்போடு போய் நின்றவனைப் பார்த்து டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கொசுவை அப்புறம் பார்த்துக்கலாம், ஸார். முதல்ல உங்க நாக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குரலை உசத்தறீங்கன்னு வீட்டுல எண்ணச் சொல்லுங்க."

மனைவி பால் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்கினாள். முதல் நாள் கணக்கு: பதினேழு! நான் நம்பவில்லை. "நாலோ அஞ்சோ இருக்கும்" என்று கத்தினேன். பதினெட்டு என்று எழுதிக்கொண்டாள். காஸ் சிலிண்டர் பையனிடம், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போனில் கேட்ட பெண்ணிடம், டி.வி. ரிமோட்டிடம் (அதுவும் கணக்கில் உண்டாம்), ஊரிலிருந்து வந்திருந்த பேத்தியிடம்... வாரக் கடைசியில் ஆறுக்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்க மறுக்கிறது. இன்றைக்கும் சராசரி ஆறுதான்.

இரண்டாவது வாரம் சத்தியம். என் நண்பர் ஒருவர் சொந்தக் காசில் கவிதைத் தொகுதி போட்டு எனக்கு ஒரு பிரதி கொடுத்து மூன்று வருஷமாகிறது. பார்க்கிறபோதெல்லாம் "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சத்திய வாரத்தில் மனுஷன் பூங்காவில் எதிரே வந்து, "எந்தக் கவிதை ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "நான் இன்னும் பிரிக்கவே இல்லை."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "பரவாயில்லை. உங்க பையன் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துட்டு 'அருமை'ன்னு சொன்னேன் இல்லையா? நானும் திறக்கலை" என்றார். இப்போது நாங்கள் முன்னைவிட நெருங்கிய நண்பர்கள்!

எல்லா உண்மையும் இப்படிச் சுமுகமாக முடியவில்லை. சம்பந்தியம்மா செய்தனுப்பிய அதிரசத்தைப் பற்றி நான் சொன்ன உண்மைக்காக மருமகள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. டீச்சரம்மாவிடம் முறையிட்டேன். "அகிம்சையை முதல்ல வெச்சு, சத்தியத்தை ரெண்டாவதா வெச்சது சும்மா இல்லை, ஸார். யோக சூத்திரத்துக்கு உரை எழுதின வியாசரும் அதைத்தான் சொல்றார். அடுத்தவங்களுக்கு நன்மையா இருக்கணும். அடிக்கிறதுக்காகச் சொன்னா அது சத்தியத்துல சேராது. அதிரசம் கெட்டியா இருந்தா பேசாம காபியில நனைச்சுச் சாப்பிடுங்களேன்" என்றார்.

இந்தப் பதில் எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில் குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார் அல்லவா? பெரியவர்கள் இருவரும் சேர்ந்து எனக்கு ஒரு சந்து திறந்து விட்ட மாதிரி இருந்தது. மனசுக்குள் அப்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. அதை அந்தச் சந்து வழியாக நைஸாக அனுப்பிவிட்டேன். அது அடுத்த வாரம் வாசல் வழியாகவே திரும்பி வந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை: அஸ்தேயம்.

"இது எனக்கு வேண்டாம், டீச்சரம்மா. அடுத்ததுக்குப் போயிடலாம். முப்பத்து நாலு வருஷம் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். கோடிக்கணக்குல கைமாறியிருக்கு. ஒரு நயா பைசா..."

"சட்டைப் பையில இருக்கிற பேனா?"

குனிந்து பார்த்தேன். ஆபீஸ் பேனா. ரிட்டயரானபோது இழுப்பறையைக் காலி செய்ததில் ஒரு டஜன் கூடவே வந்துவிட்டது. நாற்பது மைல் ரயிலில் வந்தபோது 'திருட்டு' என்ற வார்த்தை எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை. காந்தி 1930-ல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்துக்காரர்களுக்கு வாரம் ஒரு கடிதமாக இந்த விரதங்களைப் பற்றி எழுதினதையும், தேவையில்லாத ஒரு பொருளை வைத்துக்கொள்வதையே அவர் திருட்டில் சேர்த்ததையும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். பதஞ்சலி இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறாராம். தப்பு மூன்று வகை: நாமே செய்வது, ஆள் வைத்துச் செய்விப்பது, யாரோ செய்வதற்குத் தலையாட்டுவது. மூன்றுக்கும் பலன் ஒன்றுதான்.

"தலையாட்டறதுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியில்லை.

மறுநாள் சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"டேய், வியாழக்கிழமை மாயவரம் வந்துடு. பத்திரம் ரெடி. தங்கச்சி திருச்சியிலேர்ந்து நேரா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு வந்துடுறேன்னுச்சு. நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கிறேன். நீ பக்கத்துல நின்னாப் போதும்."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாயவரத்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு. ஸ்கூல் வாத்தியார் சம்பளத்தில் வாங்கிய மனை, பி.எஃப். பணத்தில் எழுப்பிய சுவர். 2011-ல் அப்பா போனார். உயில் எழுதவில்லை. 2019-ல் அம்மாவும் போய்விட்டார். நாங்கள் மூன்று பேர்: அண்ணன், நான், தங்கை. 48 லட்சத்துக்கு ஒருவர் கேட்டார். இரண்டால் வகுத்தால் 24. மூன்றால் வகுத்தால் 16. அண்ணன் இரண்டால் வகுத்திருந்தார்.

தங்கையிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது. ஒரு பட்டுப் புடவை, ஐந்து பவுன் கொடுப்பது. இதுதான் திட்டம். நவம்பர் மாதமே என்னிடம் சொல்லிவிட்டார். நான் "சரி" என்றுகூடச் சொல்லவில்லை. "ம்" என்றேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் "ம்".

இதில் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. பெண்ணுக்குப் பங்கு என்பது ஏதோ நேற்று வந்த சட்டம், பழைய கல்யாணத்துக்கெல்லாம் செல்லாது என்று நினைக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்பதுதான் பிறகு வந்தது. தமிழ்நாட்டில் 1989-ல், அதுவரை கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்கு வந்தது. நாடு முழுக்க எல்லாப் பெண்களுக்கும் 2005-ல் வந்தது. அப்பா தானே சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் போன வீட்டில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அக்கவுன்ட்ஸ்காரனான எனக்கு இது தெரியும். தெரியும் என்பதுதான் சங்கடம்.

அண்ணனைக் கெட்டவராக நினைக்க வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு 1994-ல் அவர்தான் கடன் வாங்கி நாலு வருஷம் அடைத்தார். அம்மா கடைசி மூன்று வருஷம் படுத்த படுக்கையாக இருந்தது அவர் வீட்டில். அண்ணிதான் குளிப்பாட்டினார், ஊட்டினார், எல்லாம் எடுத்தார். நான் சென்னையிலிருந்து ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். அவர் மனசில் ஒரு கணக்கு ஓடினதில் ஆச்சரியமில்லை. என் மனசிலும் ஓடியது. பையன் பெருங்களத்தூரில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். எட்டு லட்சம் கூடக் கிடைத்தால் அவன் மாதத் தவணை எவ்வளவு குறையும் என்று பேப்பரில் போட்டுக்கூடப் பார்த்துவிட்டேன். போட்டது ஆபீஸ் பேனாவால்தான்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். "உங்க தங்கச்சிக்கு இது தெரியுமா?" என்றாள்.

"ஏதோ வீட்டுப் பேப்பர்னு தெரியும்."

"ம்" என்றாள் அவளும்.

"அவ நல்ல மாதிரி. சொன்னாக்கூட, 'எனக்கெதுக்குண்ணே, நீங்களே வெச்சுக்குங்க'ன்னுதான் சொல்லுவா."

மனைவி ரசக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். சத்தமே வராமல் வைத்தாள்.

"எங்கப்பா விழுப்புரம் மனை விஷயத்துல எங்கண்ணன் என்கிட்ட கையெழுத்து வாங்கினாரே, தொண்ணூத்தெட்டுல... ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. மாமனார் சொந்தமாக வாங்கிப் போட்ட மனை. மைத்துனர் பத்திரத்தோடு வந்தார். 'நமக்கெதுக்கு அந்தக் காசெல்லாம், பெருந்தன்மையா இருந்துட்டுப் போவோம்' என்று நான்தான் பேசினேன். ஊரில் எல்லோரும், 'மாப்பிள்ளைன்னா இவர் மாப்பிள்ளை!' என்றார்கள். அந்தப் பேச்சை ரொம்ப வருஷம் வைத்துக் கொண்டாடியிருக்கிறேன்.

"நான் பத்திரத்தைப் படிச்சுப் பார்க்கலாமான்னு யோசிச்சிட்டு நின்னேன். நீங்கதான் சட்டைப் பையிலேர்ந்து பேனா எடுத்துக் குடுத்தீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. நோட்டில் எழுதினால் அவள் கணக்கு பூஜ்யம்தான். எழுந்து போய் மோருக்கு உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள்.

அவள் சொத்தை எடுத்து நான் பெருந்தன்மை காட்டியிருக்கிறேன். இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாள்கூட இது எனக்கு இந்த மாதிரித் தெரிந்ததில்லை.

பத்தரை மணிக்குத் தங்கைக்குப் போன் போட்டேன்.

"என்ன சின்னண்ணே, இந்நேரத்துல? அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் சௌக்கியம். வியாழக்கிழமை என்ன பேப்பர்ல கையெழுத்துப் போடப்போறேன்னு உனக்குத் தெரியுமா?"

"பட்டா மாத்தறதுக்கோ என்னமோன்னு பெரியண்ணன் சொன்னாரு."

"இல்லம்மா. அதுல கையெழுத்துப் போட்டா அந்த வீட்டுல உனக்கு ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். உனக்கு மூணுல ஒரு பங்கு இருக்கு. வித்தா பதினாறு லட்சம்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. 'நீதாண்ணே தெய்வம் மாதிரி' என்கிற ரீதியில் ஏதோ வரும் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன். மனுஷ மனசு!

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"நவம்பர்லேர்ந்து."

"கார்த்திகை தீபத்துக்குப் பேசினோம். மார்கழி முதல் தேதி பேசினோம். போன வாரம் பொங்கலுக்குப் பேசினோம்... அரை மணி நேரம் பேசினியேண்ணே."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதே. அம்மா போனதுக்கப்புறம் அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கீங்கள்ல? நீ வருஷா வருஷம் பொங்கல் வரிசைன்னு ஆயிரம் ரூபா அனுப்புறியே... அது அந்த வாடகையிலேர்ந்துதானா?"

சத்தியமாகச் சொல்கிறேன், வாடகை எனக்குத் தோன்றவே இல்லை. 2020 ஜனவரியிலிருந்து மாதம் ஒன்பதாயிரம். அண்ணன் பாதியை வைத்துக்கொண்டு 4,500 எனக்கு அனுப்புவார். மூன்றாகப் பிரித்திருந்தால் எனக்கு 3,000. ஆக, மாதம் 1,500 தங்கையுடையது. 2024 டிசம்பர் வரை அறுபது மாதம். தொண்ணூறாயிரம்! அதிலிருந்து வருஷத்துக்கு ஆயிரம் எடுத்து அவளுக்கே வரிசை வைத்து, 'சின்னண்ணன் மறக்கவே மாட்டாரு' என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

போனை வைத்ததும் கால்குலேட்டரை எடுத்தேன். வீட்டு வரியில் என் பங்கு, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடித்தது... கழிக்க வேண்டியது நியாயம்தான், அதில் தப்பில்லை. இருந்தாலும் ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தொண்ணூறாயிரத்தை எழுபத்தெட்டாக்குவதற்கு நான் பட்ட அவசரம் இருக்கிறதே... படுக்கையிலிருந்து மனைவி ஒரு பார்வை பார்த்தாள். கால்குலேட்டரை மூடிவிட்டேன். வெள்ளிக்கிழமை முழு தொண்ணூறையும் அனுப்பினேன்.

அண்ணன் மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். போனில்தான்.

"யோகா கத்துக்கிட்டது எனக்கு வேட்டு வைக்கவாடா? அம்மா படுத்திருந்தப்ப உன் சத்தியம் எங்கடா போச்சு? ஒரு ராத்திரி வந்து கண்ணு முழிச்சியா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எனக்கும் பதிலுக்குக் கத்தத் தோன்றியது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அகிம்சையெல்லாம் ஒன்றுமில்லை. சொல்லப் பதில் இல்லாததால் வந்த அமைதி.

வியாழக்கிழமை பத்திரம் நின்றுபோயிற்று. வாங்க வந்தவர் முகத்தைச் சுளித்தார். மூன்று வாரம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் 'காலை வணக்கம்' படம்கூட வரவில்லை. கடைசியில் வழி சொன்னது தங்கைதான். "அம்மாவைப் பார்த்துக்கிட்டது பெரியண்ணி. முதல்ல மூணு லட்சம் அண்ணி பேர்ல எடுத்து வைங்க. மிச்சத்தை மூணாப் பிரிங்க" என்றாள். நாற்பத்தைந்தை மூன்றால் வகுத்தால் ஆளுக்குப் பதினைந்து. என் கணக்கில் இருபத்து நாலு பதினைந்தாயிற்று. எனக்கு இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனவனுக்கு அண்ணி ஞாபகம் எப்படி வரும்?

டீச்சரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பாராட்டு எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "எங்க ஸ்கூல்ல திருடின பென்சிலைத் திருப்பிக் குடுத்த பையனுக்குக் கப் குடுத்ததில்லை, ஸார்" என்று சொல்லிவிட்டு, "எல்லாரும் பஸ்சிமோத்தானாசனம்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

நாலாவது வாரம் பிரம்மசரியம். "அறுபது தாண்டினவங்களுக்கு டிவி முன்னாடி வாயை அடக்கறதுதான் இதுல பரீட்சை" என்று சொல்லி, முறுக்கை நிறுத்தினார். ஐந்தாவது வாரம் அபரிக்கிரகம். பரணிலிருந்து இறங்கியவை: காலி செல்போன் பெட்டி பதினொன்று, கல்யாணத் தாம்பூலப் பை நாற்பத்து மூன்று, ஓடாத கடிகாரம் நாலு. கொசு பேட்டும் இறங்கியது. அதை மட்டும் திரும்ப உபயோகத்தில் வைத்திருக்கிறேன், பதஞ்சலி மன்னிக்க.

மார்ச் மாதம் மாயவரத்தில் பத்திரப் பதிவு. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து கைரேகை வைத்தோம், கேமராவைப் பார்த்தோம். தங்கை பத்திரத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் சொந்தமாகப் பேனா கொண்டுவந்திருந்தாள். வெளியே வந்ததும் அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தங்கைக்கு, பத்திரம் எழுதினவருக்கு, சாட்சி போட வந்தவருக்கு. எனக்கு மட்டும் இல்லை. நானே காசு கொடுத்து ஒரு டீ வாங்கிக் குடித்தேன். பதினைந்து ரூபாய்.

ஊர் திரும்பின அன்று ராத்திரி மனைவியிடம் கேட்டேன்.

"விழுப்புரம் போய் உங்கண்ணன்கிட்ட நான் பேசட்டுமா? இருபத்தேழு வருஷம் ஆயிடுச்சு. சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியாது. ஆனாலும் மனுஷனுக்கு மனுஷன்..."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கும் நீங்கதான் பேசினீங்க" என்றாள். "பேசணும்னா நான் பேசிக்கிறேன்."